கேப் பாயின்ட் கலங்கரை விளக்கம்: முதல்முறை போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரிலிருந்து தெற்கே 60 கி.மீ. தள்ளி, கடலுக்குள் நீண்டு கிடக்கும் மலைமூக்கின் நுனியில் இருக்கிறது கேப் பாயின்ட் கலங்கரை விளக்கம். நாம் பள்ளிப் பாடத்தில் படித்த நன்னம்பிக்கை முனையும் அதே பூங்காவுக்குள்தான் வருகிறது. நானும் வீட்டில் இருப்பவர்களும் சென்னையிலிருந்து கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். இடம் அற்புதம். ஆனால் விசா காகிதத்தில் தொடங்கி மலையடிவாரத்து டிக்கெட் வரை ஒவ்வொன்றையும் தட்டித் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தமிழில் ஒரே இடத்தில் இதெல்லாம் கிடைக்கவில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

கட்டண விவரங்களை ராண்டில் சொல்லியிருக்கிறேன். ஒரு ராண்ட் ஏறக்குறைய ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்குப் போட எளிது. பூங்காவின் கட்டணங்கள் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 1-ஆம் தேதி மாறும். அதனால் கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. எந்த விளக்கைப் பார்க்கப் போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கேப் பாயின்ட்டில் இரண்டு கலங்கரை விளக்கங்கள் உண்டு. படங்களில் நாம் பார்ப்பது மலை உச்சியில் இருக்கும் பழைய விளக்கம். 1860-இல் ஏற்றினார்கள். கடல் மட்டத்திலிருந்து 238 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அவ்வளவு உயரத்தில் இருந்ததால் மேகமும் மூடுபனியும் அதை அடிக்கடி மறைத்துவிட்டன. 1911-இல் லூசிட்டானியா என்ற போர்த்துகீசியக் கப்பல் பக்கத்துப் பாறையில் மோதிய பிறகு, கீழே 87 மீட்டர் உயரத்தில் இன்னொன்று கட்டி 1919-இல் எரியவிட்டார்கள். இன்றைக்கும் கப்பல்களுக்கு வழி காட்டுவது அதுதான். தென்னாப்பிரிக்கக் கரையிலேயே அதிக சக்தி வாய்ந்த விளக்கும் அதுதான். அதன் ஒளி 60 கி.மீ. தாண்டியும் தெரியும்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் உச்சிக்குப் போய், பழைய விளக்கத்தின் அடியில் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். எரிகிற விளக்கு கீழே ஒன்று இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. அவ்வளவு தூரம் செலவு செய்து போய்விட்டு அதை விட்டுவிடாதீர்கள். அதற்கான வழி 10-ஆம் எண்ணில் இருக்கிறது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டு விளக்கங்களுக்குள்ளும் பொதுமக்களை விடுவதில்லை. சுழல் படியேறி, விளக்கறையில் நின்று பார்க்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால் கேப் அகுல்ஹாஸுக்குப் போக வேண்டும். 1849-இல் ஏற்றிய விளக்கம் அது. ஆப்பிரிக்கக் கண்டத்தின் உண்மையான தென்கோடியும் அங்கேதான் இருக்கிறது. கேப் டவுனிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள், டிக்கெட் அப்புறம்

அங்கே பருவம் நமக்கு நேர்மாறு. டிசம்பர், ஜனவரி கோடைக்காலம். பகல் நீளம், வானம் தெளிவு. ஆனால் தென்கிழக்குக் காற்று அந்த மாதங்களில்தான் ஆளைத் தள்ளும். உள்ளூர்ப் பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்வதால் பூங்கா வாசலில் கார் வரிசை நீண்டு நிற்கும். மே முதல் ஆகஸ்ட் வரை மழையும் குளிரும்.

என்னைக் கேட்டால் மார்ச், ஏப்ரல்தான் சரியான நேரம். காற்று தணிந்திருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும். அடுத்தபடியாக செப்டம்பர், அக்டோபர். அப்போது போனால் ஃபால்ஸ் விரிகுடாவில் திமிங்கலம் பார்க்கும் வாய்ப்பும் உண்டு. குழந்தைகளின் பள்ளி விடுமுறைக்காக மே மாதம்தான் போக முடியும் என்றால் போங்கள். ஆனால் கேப் டவுனில் ஒரு நாளைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் மாற்றிப் போட அது உதவும்.

3. விசா: இரண்டு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள்

சாதாரண இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே போய் இறங்கி விசா வாங்கும் வசதி கிடையாது. விசா மையத்தில் நேரில் போய்க் காகிதம் கொடுப்பதுதான் வழக்கமான முறை. பிரிட்டன், கனடா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களுக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை. அவர்கள் நேராக அடுத்த எண்ணுக்குப் போகலாம்.

பாஸ்போர்ட்டில் குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கங்கள் வேண்டும். முத்திரை இருக்கும் பக்கத்தின் ஓரத்தில் மிச்சமிருக்கும் இடம் கணக்கில் வராது. அங்கிருந்து திரும்பும் தேதிக்குப் பிறகு குறைந்தது 30 நாள் செல்லுபடியாக வேண்டும் என்பது விதி. ஆறு மாதம் இருந்தால் விமான நிலையத்தில் ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

மற்ற காகிதங்கள்: கையெழுத்திட்ட விண்ணப்பப் படிவம், புகைப்படம், போக வர விமான முன்பதிவு, தங்கும் இட முன்பதிவு, எந்த நாள் எங்கே என்ற பயணத் திட்டம், கவரிங் லெட்டர், வருமான வரிக் கணக்கு, மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட். வேலையில் இருப்பவர்களுக்கு அலுவலகத்தின் விடுப்புக் கடிதம். சொந்தத் தொழில் என்றால் பதிவுச் சான்று.

பேங்க் ஸ்டேட்மென்ட்டில்தான் பலர் மாட்டுகிறார்கள். நெட் பேங்கிங்கில் இறக்கி அச்செடுத்ததைக் கொண்டு போனால் திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். கிளைக்கு நேரில் போய் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். சில கிளைகளில் "இப்போதெல்லாம் நாங்கள் சீல் போடுவதில்லை" என்பார்கள். எங்களுக்கும் அந்தப் பதில்தான் முதலில் கிடைத்தது. மேலாளரைப் பார்த்து, தூதரகம் கேட்கிறது என்று எடுத்துச் சொன்ன பிறகு போட்டுக் கொடுத்தார்கள். மாத முதல் வாரத்தில் போகாதீர்கள், ஓய்வூதியக் கூட்டத்தில் உங்களைக் கவனிக்க ஆள் இருக்காது.

குழந்தைகள் கூட வந்தால் அப்பா, அம்மா இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் அழைத்துப் போகிறார் என்றால், மற்றவரின் சம்மதத்தை உறுதிமொழிப் பத்திரமாக எழுதி நோட்டரி கையெழுத்து வாங்க வேண்டும். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்துக் கொடுங்கள். இந்தக் காகிதங்களின் நகலைப் பயணத்திலும் கையோடு வைத்திருங்கள். விசா ஆகிவிட்டதே என்று பெட்டியின் அடியில் போட்டுவிடாதீர்கள்.

குழுச் சுற்றுலாவில் போகிறவர்களுக்கு, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் என்று 2025-இல் ஒரு தனித் திட்டம் தொடங்கியிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்க அரசு அங்கீகரித்த நிறுவனங்கள் வழியாக விண்ணப்பித்தால் வேலை கொஞ்சம் எளிது. உங்கள் டிராவல்ஸ்காரரிடம் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று நேராகவே கேளுங்கள்.

விசா கையில் வரும் வரை, பணம் திரும்பி வராத டிக்கெட்டை வாங்கவே வாங்காதீர்கள். விலை ஏறுகிறது என்று யார் அவசரப்படுத்தினாலும் சரி.

4. மஞ்சள் காய்ச்சல் ஊசி: விமானப் பாதையைப் பொறுத்தது

இதை எங்களிடம் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் சொல்லவே இல்லை. சென்னையிலிருந்து கேப் டவுனுக்கு நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா வழியாகப் போனால் பிரச்சினை இல்லை. விலை குறைவு என்று அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போகிறவர்கள் கவனியுங்கள். எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இருக்கும் நாடுகள். அங்கே விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாலோ, வெளியே போய் ஓர் இரவு தங்கினாலோ தென்னாப்பிரிக்காவில் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள்.

திரும்பி வரும்போது நம் ஊர் விமான நிலையத்தில் இன்னும் கண்டிப்பு. அந்த நாடுகளுக்குள் போய்விட்டுச் சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால், ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அதிகாரம் உண்டு.

சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று முன்பே கேட்டுக்கொண்டு போங்கள், நினைத்த நாளில் போனால் ஏமாற்றமாகும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். 60 வயதைத் தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ள வேண்டாம். பெரியவர்களை அழைத்துப் போகிறீர்கள் என்றால் கூடுதல் பணம் கொடுத்தாவது வளைகுடா வழியாகப் போவது நல்லது.

5. கேப் டவுனிலிருந்து எப்படிப் போவது

பூங்கா வாசல் வரை அரசுப் பேருந்து கிடையாது. சைமன்ஸ் டவுன் வரை ரயில் பாதை உண்டு. அதற்கப்புறம் வாடகை வண்டிதான். செயலி வழியாக டாக்சி பிடித்துப் போய்விடலாம், ஆனால் திரும்பி வர மலையடிவாரத்தில் சிக்னலும் கிடைக்காது, வண்டியும் வராது. அப்படிப் போவதானால் ஓட்டுநரிடம் காத்திருப்புக் கட்டணம் பேசி, அவரை அங்கேயே நிறுத்திவைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, இரண்டு வழிகள்தான்.

சுற்றுலாப் பேருந்தில் போவது ஒன்று. சிவப்பு நிற சிட்டி சைட்சீயிங் பேருந்துகளும் இன்னும் பல நிறுவனங்களும் காலையில் கிளம்பி, பென்குயின் கடற்கரையும் கேப் பாயின்ட்டும் காட்டி மாலையில் கொண்டுவந்து விடுகின்றன. தனியாகப் போகிறவர்களுக்கு இது வசதி. ஆனால் பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "பூங்கா நுழைவுக் கட்டணம் இதில் சேர்த்தியா, தனியா?" எங்களோடு தங்கியிருந்த ஒரு குடும்பம் எல்லாம் சேர்த்துத்தான் என்று நினைத்துப் போய், வாசலில் ஆளுக்கு 400 ராண்டுக்கு மேல் தனியாகக் கட்டியது. இன்னொரு குறை நேரம். மேலே சுமார் இரண்டு மணி நேரம்தான் விடுவார்கள். கீழ் விளக்கு வரை போய்வர அது இழுபறியாகத்தான் இருக்கும்.

மூன்று பேருக்கு மேல் இருந்தால் வாடகைக் கார்தான் மேல். நம் ஊர் போலவே இடதுபக்கம் ஓட்டும் நாடு. சாலைகள் நன்றாக இருக்கின்றன. தேவையான காகிதங்கள் இவை.

ஆங்கிலத்தில் அச்சிட்ட, புகைப்படம் உள்ள இந்திய ஓட்டுநர் உரிமம். அதோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி. இதை உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெறலாம். பரிவாகன் தளத்தில் படிவம் 4ஏ நிரப்பி, 1,000 ரூபாய் கட்டி, பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட் நகல்களோடு போக வேண்டும். விசா வந்த பிறகுதான் இதற்கு விண்ணப்பிக்க முடியும் என்பதால், விசாவுக்கும் பயணத்துக்கும் நடுவில் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். ஓராண்டு செல்லும்.

கார் எடுக்கும்போது பெரிய பொறி கிரெடிட் கார்டு. முன்பணத்தை முடக்கி வைக்க, ஓட்டுநரின் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு கேட்பார்கள். மனைவி பெயரில் கார்டு, கணவர் பெயரில் முன்பதிவு என்றால் சாவி கிடைக்காது. ஃபாரெக்ஸ் கார்டையும் டெபிட் கார்டையும் பல இடங்களில் இதற்கு ஏற்பதில்லை. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டுக் கிளம்புங்கள். வங்கியின் ஓ.டி.பி. வரும் எண்ணுக்கு ரோமிங் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே சிம் வாங்கப் பாஸ்போர்ட்டோடு தங்கும் முகவரிச் சான்றும் கேட்பார்கள், விடுதி முன்பதிவுக் காகிதத்தைக் கையில் வைத்திருங்கள்.

6. ஒரு நாள் செலவு

வெளிநாட்டவருக்குப் பூங்கா நுழைவு ஆளுக்கு 400 ராண்டுக்கு மேல். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பாதி. தென்னாப்பிரிக்கக் குடிமக்களுக்கு இதில் கிட்டத்தட்ட கால்பங்குதான், ஆனால் அடையாள அட்டை காட்ட வேண்டும். டர்பனில் உள்ள சொந்தக்காரர்கள் உங்களோடு வந்தால் அட்டையை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள்.

மலையடிவாரத்திலிருந்து உச்சிப் பக்கம் ஏற்றிவிடும் கம்பி ரயிலுக்குத் தனி டிக்கெட், போக வர நூறு ராண்டை ஒட்டி. சாப்மன்ஸ் பீக் சாலை வழியாகப் போனால் சுங்கம் தனி. பென்குயின் கடற்கரைக்கும் தனிக் கட்டணம். கார் வாடகை, பெட்ரோல், சாப்பாடு சேர்த்து நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 4,000 ராண்ட் ஒதுக்கினால் நெருக்கடி இல்லாமல் முடியும்.

வாசலில் கார்டு வைத்திருங்கள். சில்லறையாக 5 ராண்ட் நாணயங்களும் 10 ராண்ட் நோட்டுகளும் கொஞ்சம் வேண்டும். ஊருக்குள் கார் நிறுத்தும் இடங்களில் வண்டியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் பெட்ரோல் போடுகிறவர்களுக்கும் கொடுப்பது அங்கே வழக்கம்.

7. முந்தின நாள் மாலை காற்றைப் பாருங்கள்

இந்தப் பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் காற்றில்தான் இருக்கிறது. வானிலைச் செயலியில் மழை இல்லை, வெயில் என்று காட்டும். அதை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். காற்றின் வேகத்தைத் தனியாகத் தேடிப் பாருங்கள். கேப் டவுன் என்று தேடாமல் கேப் பாயின்ட் என்றே தேடுங்கள். நகரத்தில் இலை அசையாத நாளில் அங்கே தொப்பி பறக்கும்.

என் கணக்கு இது: மணிக்கு 30 கி.மீ.க்குள் என்றால் தாராளமாகப் போகலாம். 30 முதல் 50 வரை போகலாம், ஆனால் கீழ் விளக்குக்கான நடையில் சிறு குழந்தைகள் வேண்டாம். 50-ஐத் தாண்டினால் இன்னொரு நாளுக்குத் தள்ளிப் போடுங்கள். காற்று மிஞ்சினால் ரயிலையும் நிறுத்திவிடுவார்கள்.

உடைக்கு ஒரு வார்த்தை. காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் கோடையிலும் வேண்டும். புடவை கட்டும் அம்மாக்களுக்கு அங்கே மிகவும் சிரமம். சுடிதாரும் இறுக்கமான ஷூவும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். குடை வேண்டவே வேண்டாம்.

8. விடியற்காலையில் கிளம்புங்கள்

பூங்கா அக்டோபர் முதல் மார்ச் வரை காலை 6 முதல் மாலை 6 வரை, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலை 7 முதல் மாலை 5 வரை. ரயில் காலை 9 மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். சுற்றுலாப் பேருந்துகள் பத்தரை, பதினொன்றுக்கு மேல் வந்து குவியும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் திட்டம் தானாக வந்துவிடும்: காலை 6.30-க்கு நகரத்திலிருந்து கிளம்பி, எட்டு மணிக்குள் வாசலில் நிற்க வேண்டும்.

போகும்போது கிழக்குக் கரை வழி. மியூசன்பர்க், கால்க் பே, ஃபிஷ் ஹோக், சைமன்ஸ் டவுன் என்று கடலை ஒட்டியே சாலை போகும். பெட்ரோலை ஃபிஷ் ஹோக்கிலேயே போட்டுக்கொள்ளுங்கள், பூங்காவுக்குள் பங்க் கிடையாது. வரைபடத்தையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலிலிருந்து மலையடிவாரம் இன்னும் 13 கி.மீ. புதர்க்காட்டுக்கு நடுவே மெதுவாக ஓட்ட வேண்டும். சாலையில் நெருப்புக்கோழியும் ஆமையும் குறுக்கே வரும்.

நேராக மலையடிவாரத்துக்குப் போகாமல், சற்று முன்னால் வலப்பக்கம் திரும்பும் சாலையில் நன்னம்பிக்கை முனைக்கு முதலில் போங்கள். மஞ்சள் எழுத்துப் பலகை இருக்கும் கடற்கரை அதுதான். காலை எட்டரைக்கு அங்கே நாலு பேர்கூட இருக்க மாட்டார்கள். அதே பலகைக்கு முன் பதினொரு மணிக்குப் போனால் வரிசையில் நின்று படம் எடுக்க வேண்டும். பலகையைக் கவனித்துப் படியுங்கள். கண்டத்தின் தென்மேற்குக் கோடி என்றுதான் எழுதியிருக்கும். தென்கோடி என்று எழுதியிருக்காது. அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல்கள் இரண்டுக்குமான எல்லையாக வகுத்திருப்பதும் அகுல்ஹாஸைத்தான். வழிகாட்டிகள் சிலர் தண்ணீரில் ஒரு கோட்டைக் காட்டி, இங்கேதான் இரண்டும் கலக்கின்றன என்பார்கள். குழந்தைகளுக்குச் சரியானதைச் சொல்லிக் கொடுங்கள்.

9. பபூன் குரங்குகள்: இதை மட்டும் அசட்டையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்

நம் ஊர்க் கோயில் குரங்கு என்று நினைக்க வேண்டாம். ஆண் பபூன் ஒரு பெரிய நாயைவிடக் கனம், பல் நீளம். கார்க் கதவைத் திறக்கத் தெரியும்.

மலையடிவார நிறுத்துமிடத்தில் நாங்கள் கண்ணெதிரே பார்த்தது இது. ஒரு பெண்மணி காரிலிருந்து இறங்கி, பின்கதவைச் சாத்தாமல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டிருந்தார். கூரையில் உட்கார்ந்திருந்த பபூன் சத்தமே இல்லாமல் உள்ளே நுழைந்து, பின்சீட்டில் இருந்த பையைப் பிரித்து, பிஸ்கட் பாக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் வெளியேறியது. ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது. பையில் இருந்த பாஸ்போர்ட்டெல்லாம் தரையில் சிதறிக் கிடந்தது.

கண்ணாடியை முழுக்க ஏற்றி, இறங்கியவுடன் பூட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் கவரைக் கையில் தொங்கவிட்டு நடக்காதீர்கள். உள்ளே தண்ணீர் பாட்டில்தான் இருந்தாலும் பபூனுக்கு அது சாப்பாடுதான். புளியோதரையோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போயிருந்தால் கண்ணாடியை மூடிய காருக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டு முடியுங்கள். பறித்துவிட்டால் விட்டுவிடுங்கள், பிடித்து இழுத்தால் கடிக்கும். தீனி போடுவது அங்கே குற்றம், அபராதம் உண்டு. பாஸ்போர்ட்டும் பணமும் உடம்போடு ஒட்டிய சிறு பையில் இருக்கட்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு: மலையடிவாரத்தில் இருக்கும் டூ ஓஷன்ஸ் உணவகத்தில் பெரும்பாலும் கடல் உணவுதான். விலையும் கூடுதல். கையில் சாப்பாடு இருப்பது நல்லதுதான், எங்கே பிரிக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

10. மேலே போவதும், கீழ் விளக்கைப் பார்ப்பதும்

பழனியில் விஞ்ச் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி, கம்பி இழுத்துச் சரிவில் ஏற்றும் வண்டிதான் இங்கேயும். ஃப்ளையிங் டச்மேன் என்று பெயர். மூன்று நிமிடத்தில் மேல் நிலையத்தில் இறக்கிவிடும். டிக்கெட்டை இணையத்திலும் வாங்கலாம். ஆனால் காற்றடிக்கும் பருவத்தில் அங்கேயே போய் வாங்குவதுதான் பத்திரம். முழங்கால் நன்றாக இருக்கிறவர்கள் நடந்தே ஏறலாம், தளம் போட்ட பாதை, அரை மணி நேரம் ஆகும். மேல் நிலையத்திலிருந்து விளக்கத்தின் அடிவரை எல்லோருக்கும் படிகள்தான். படி ஏற முடியாத பெரியவர்களை மேல் நிலையத்திலேயே உட்கார வைக்கலாம், அங்கிருந்தும் கடல் நன்றாகத் தெரியும்.

மேலே பழைய விளக்கம், வெள்ளை வார்ப்பிரும்புக் கோபுரம், ஒன்பது மீட்டர்தான் உயரம். பலருக்கு, இவ்வளவு சின்னதா என்று தோன்றும். மலையே 200 மீட்டருக்கு மேல் தூக்கிக் கொடுத்துவிட்டதால் கோபுரம் உயரமாக இருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பக்கத்தில் ஊர்களின் தூரம் எழுதிய கைகாட்டிக் கம்பம் உண்டு. புதுதில்லியும் அதில் இருக்கிறது. கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி நின்று படம் எடுக்க வேண்டாம். கீழே செங்குத்துப் பாறை, காற்று எந்த நொடியில் மாறும் என்று சொல்ல முடியாது.

இப்போது கீழ் விளக்கு. உச்சியிலிருந்து நேராக வழி இல்லை. மேல் நிலையத்துக்குச் சற்றுக் கீழே இறங்கினால் ஒரு மண்பாதை பிரியும், விளக்குக் காவலர் பாதை என்று பலகை இருக்கும். போய்வர ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். மலையின் முதுகெலும்பு மேலேயே நடக்கிற மாதிரி பாதை, இரண்டு பக்கமும் கடல். நடுவில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ரேடார் கட்டடத்தின் மிச்சம் நிற்கும். பாறைகளில் நீர்க்காகங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பாதை முடியும் இடத்தில் கம்பி வேலி. அங்கே நின்று எட்டிப் பார்த்தால், காலுக்குக் கீழே பாறை விளிம்பில் சதுர வடிவில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டடம் தெரியும். எரிகிற விளக்கு அதுதான்.

எனக்கு அந்த இடம்தான் இந்தப் பயணம் முழுவதற்கும் ஈடு. உச்சியில் நிற்கும்போது காட்சி மட்டும்தான் தெரிந்தது. கப்பல்காரர்களுக்கு ஏன் இந்த முனை பயமாக இருந்தது, விளக்கை ஏன் இவ்வளவு தாழ்வாக வைத்தார்கள் என்பதெல்லாம் இங்கே வந்து நின்றபோதுதான் புரிந்தது.

தண்ணீர் பாட்டில், தொப்பி, ஷூ அவசியம். பாதையில் கழிப்பறை இல்லை, கீழே நிறுத்துமிடத்திலேயே போய்விட்டு வாருங்கள். எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் கையைப் பிடித்தே அழைத்துப் போக வேண்டும்.

11. திரும்பும்போது

நண்பகலுக்குள் இறங்கிவிட்டால் மீதி நாள் உங்கள் கையில். டியாஸ் கடற்கரையை மேலிருந்து பார்த்தால் குளிக்கத் தோன்றும். இறங்க வேண்டாம், நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

பென்குயின் பார்க்க வேண்டுமென்றால் வாசலைத் தாண்டி சைமன்ஸ் டவுன் பக்கம் திரும்புங்கள். அது வேண்டாம் என்றால் ஸ்கார்பரோ, கொம்மட்ஜி, நூர்தூக் என்று மேற்குக் கரை வழியாக வந்து, சாப்மன்ஸ் பீக் சாலையில் ஹவுட் பேக்குப் போகலாம். இந்தச் சாலையைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வடக்கு நோக்கி வரும்போது கடல் உங்கள் இடப்பக்கம், அதாவது நீங்கள் ஓட்டும் பக்கமே இருக்கும். எதிர்வண்டியைக் குறுக்கே வெட்டாமல் ஒதுக்கிடங்களில் நிறுத்தி இறங்கலாம். மழைக்குப் பிறகு பாறை சரியும் என்று மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தால் ஃபிஷ் ஹோக் வழியாக வந்து, வந்த பாதையிலேயே திரும்பலாம்.

பூங்காவிலேயே நாளைக் கழிப்பதானால், மூடும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே மலையடிவாரத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள். வாசல் 13 கி.மீ. தள்ளி இருக்கிறது, மெதுவாகத்தான் ஓட்ட முடியும், தாமதமாக வெளியேறினால் அபராதம் கட்ட வேண்டும். வழியில் சிக்னலில் நிற்கும்போது கைப்பையும் கைபேசியும் வெளியே தெரியாமல் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும்.